அதுங்களே பழகிக்கும்னு மட்டும் சொல்லாதீங்க

வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள், மூன்றும் தெருவிலிருந்து வந்தவை. போன ஆவணியில் நான்காவதாக ஒரு வயதான லாப்ரடாரை, வேறு வீடு கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "விடுங்க, நாய்தானே, அதுங்களே பழகிக்கும்." பழகாதுங்க. நாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தால் பழகாது. ஒரு காது கிழிந்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

லட்சுமி என்பது நாங்கள் வைத்த பெயர். பழைய பெயர் தெரியாது, எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். காது கேட்காது என்று புரியவே நான்கு நாள் ஆனது. குட்டி விற்கிற ஒருவர் வீட்டுப் பின்பக்கம் மோட்டார் ரூமை ஒட்டிக் கட்டிக்கிடந்தவள். பத்து வயது இருக்கும் என்றார் டாக்டர். சிமெண்ட் தரையிலேயே படுத்துப் படுத்து முழங்கை இரண்டும் காய்ப்பு ஏறிக் கறுத்திருந்தது. காது மடலைத் திருப்பினால் ஆமணக்கு முத்தைக் கொட்டி வைத்த மாதிரி உண்ணி. நகம் நீண்டு வளைந்திருந்ததால் எங்கள் மொசைக் தரையில் டக் டக் என்று சத்தம் வரும், நாலடிக்கு ஒருமுறை பின்னங்கால் வழுக்கும். பழைய கோணிச்சாக்குகளை வரிசையாக விரித்துப் பாதை போட்டோம். இன்றைக்கும் சாக்கை விட்டு இறங்கமாட்டாள்.

"என்ன ஊசி போட்டிருக்கிறார்கள் என்றே தெரியாது, இரண்டு வாரம் தனியாக வையுங்கள்" என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். டிஸ்டெம்பர் மாதிரி நோய் உள்ளே இருந்தாலும் வெளியே தெரிய நாளாகும். நான் என்ன செய்தேன்? மூன்றாம் நாளே பாவம் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடம் எல்லாம் அழகாகத்தான் நடந்தது, மோந்து பார்த்தார்கள், வாலாட்டினார்கள், நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ரஸ்க்கிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. அவ்வளவுதான். எங்கள் சோழனின் இடது காதில் நான்கு தையல்.

பத்து வருடம் கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்றவளுக்கு, கீழே விழுந்த ரஸ்க் உயிர்ப் பிரச்சினை. சோழனுக்கோ அது அவன் வீட்டு ரஸ்க். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, முழுக்க என் தப்பு.

அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். நடுவில் கம்பிக் கதவு. இவள் படுத்த துணியை அவர்களிடமும் அவர்கள் துணியை இவளிடமும் போட்டு வைப்பது. காலையில் தெருவில் இருபதடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடை. சாப்பாடு ஆளுக்கொரு அறையில், தட்டை எடுத்த பிறகுதான் கதவு திறக்கும். இந்தத் தட்டு விஷயம்தான் பெரும்பாடு. தின்று முடித்ததும் காலித் தட்டுக்குள் ஒரு முன்னங்காலை வைத்து அப்படியே படுத்துக்கொள்வாள், எடுக்கப் போனால் உறுமல். பிடுங்கவில்லை. தூரத்தில் ஒரு துண்டு அவித்த கோழியைப் போட்டு, அவள் எழுந்து போனதும் எடுப்போம். அவளாக எழுந்து தட்டை விட்டுப் போக ஏழு வாரம் ஆனது.

இருக்கிற நாய்களுக்குக் கோபம் வரக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. எங்கள் கருப்பி இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. அவளைக் கேட்டா நான் இன்னொருத்தியைக் கூட்டிவந்தேன்? தினமும் மாலை அவளோடு மட்டும் மொட்டை மாடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன், சரியாகிவிட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள், சாப்பாட்டோடு. அது முடிகிற நேரத்தில் திடீரென்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். கருப்பையில் சீழ். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களுக்கு வருவது, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. கருப்பையை எடுத்துவிட்டார்கள். (இடையில் ஒருவர், கால்வலிக்கு நம் ஐபுப்ரோஃபென் மாத்திரையில் பாதி கொடுங்களேன் என்றார். தயவுசெய்து கொடுக்காதீர்கள், நாய்க்கு அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.)

கேஸ் போடலையா என்று கேட்கிறீர்கள். நெடுநேரம் கட்டிப்போட்டு வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்தான். முதல் முறை என்றால் அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அவள் ஒரு வேளைக் கோழிக்குக்கூடக் காணாது.

வீடு தேடி நான்கு மாதமாகப் பதிவு போடுகிறேன். லாப்ரடார் என்றதும் போன் வரும், வயதைச் சொன்னதும் "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். நேற்று ஒருவர் வயதைக் கேட்டும் வைக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். என்ன சாப்பிடுவாள், எவ்வளவு எடை என்றெல்லாம் பொறுமையாக விசாரித்துவிட்டு, கடைசியில் "இன்னும் ஒரு ஈத்து போடுமா?" என்றார். கருப்பையை எடுத்தாச்சு என்றேன். போனை வைத்துவிட்டார்.