கார் லைசென்ஸ் எல்லா லாரிக்கும் செல்லாது

“உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கார் லைசென்ஸ் இருந்தால் எந்த லாரியும் ஓட்டலாம், தொழில் மந்தத்திலும் வேலை உறுதி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 நவம்பர் தீர்ப்பு 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே. அது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை. பத்துச் சக்கர லாரிக்குக் கனரக லைசென்ஸ்தான் வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்கவே 20 வயதும், இலகுரக லைசென்ஸ் பெற்று ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். உரிய லைசென்ஸ் இல்லாதவர் விபத்து செய்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடமே திருப்பிக் கேட்கலாம். எந்த முதலாளி துணிவார்?

வேலை உறுதி என்பது வெறும் ஆசைவார்த்தை. டிரைவருக்குப் படிப்பணம் நடைக்கணக்கில்தான், அதாவது லோடு ஏற்றிப் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும். லோடு குறைந்தால் நடையும் குறையும், மிஞ்சுவதும் பழைய ஆளுக்கே போகும். புதியவர் முதலில் கிளீனராகவோ இரண்டாம் டிரைவராகவோ ஏறுவதுதான் நாமக்கல் பக்கம் நடப்பது.