லாம்பெத் கவுன்சிலில் மூன்று வருடம்

ஜான் மேஜர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு விஷயம்தான். மார்கரெட் தாட்சருக்கு அப்புறம் வந்த சாதுவான பிரதமர். 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டு சரிந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்ற பிரதமர். எனக்கு அவர் வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது இதற்கெல்லாம் ரொம்ப முன்னால் நடந்தது. 1968 முதல் 1971 வரை தெற்கு லண்டனின் லாம்பெத் கவுன்சிலில் அவர் இருந்த மூன்று வருடம். பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சிக்கு நான் ஆதரவாளன் இல்லை. இருந்தாலும், உள்ளாட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போகும் பாதை எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். அந்தப் பாதை எங்கே அடைபட்டது என்பதற்கும் இவரே சாட்சி.

மேஜரின் அப்பா டாம் ஒரு காலத்தில் சர்க்கஸிலும் மேடைகளிலும் வித்தை காட்டியவர். பிறகு தோட்டத்தில் வைக்கும் சிலைகள் செய்து விற்றார். ஜான் பிறந்தபோதே அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தொழில் நொடித்து, சொந்த வீட்டை விற்றுவிட்டு, 1955-இல் குடும்பம் பிரிக்ஸ்டனில் கோல்டுஹார்பர் லேன் என்ற தெருவுக்கு வந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், இருப்பது இரண்டு வாடகை அறை, குளியலறை மற்ற குடித்தனக்காரர்களோடு பொது. பதினாறு வயதில் ஜான், ஓ-லெவல் என்ற பள்ளித் தேர்வில் மூன்றே பாடங்களில் தேறிப் பள்ளியை விட்டார். காப்பீட்டுத் தரகர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, அண்ணனோடு சிலைப் பட்டறை, கொஞ்ச காலம் வேலையே இல்லாமல் உதவித்தொகை, அப்புறம் மின்வாரியம், அப்புறம் வங்கி. கல்லூரிப் படிப்பு கிடையாது.

இப்படிப்பட்டவர் ஏன் தொழிலாளர்களின் கட்சியான லேபர் கட்சிக்குப் போகாமல் கன்சர்வேடிவ் கட்சிக்குப் போனார் என்று கேட்பவர்கள் உண்டு. இத்தனைக்கும் 1956-இல் பதின்மூன்று வயதுப் பையனாக இருந்தபோது, பட்ஜெட் நாளன்று நாடாளுமன்றத்தைப் பார்க்க அவருக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தவர் பிரிக்ஸ்டனின் லேபர் எம்.பி. மார்கஸ் லிப்டன். தன் கட்சி வளர வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை. தன் தொகுதிப் பையன் ஒருவன் சபையைப் பார்க்க ஆசைப்பட்டான், ஏற்பாடு செய்துகொடுத்தார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு.

பிரிக்ஸ்டன் போன்ற உழைக்கும் மக்கள் பகுதியில் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஆள் குறைவு. உழைக்கத் தயாராக இருந்த இளைஞனுக்கு அங்கே சீக்கிரம் இடம் கிடைத்தது. சந்தையில் ஒரு பெட்டியைப் போட்டு அதன் மேல் ஏறிப் பேசுவார். 1964-இல் 21 வயதில் லார்க்ஹால் வார்டில் நின்று தோற்றார். 1966 இறுதியில் வங்கி அவரை நைஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே நடந்த கார் விபத்தில் முழங்கால் நொறுங்கித் திரும்பி வந்தார். 1968 மே மாதம் ஃபெர்ன்டேல் வார்டில் நின்றபோது வயது 25.

அந்தத் தேர்தலில் வீசிய காற்று அவர் கிளப்பியதல்ல. பவுண்டின் மதிப்பைக் குறைத்த ஹரால்டு வில்சனின் லேபர் அரசின் மேல் நாடு முழுக்கக் கோபம். லாம்பெத்தின் 60 இடங்களில் 57 கன்சர்வேடிவ் கட்சிக்குப் போயின. மூன்று வாரத்துக்கு முன்னால்தான், ஏப்ரல் 20 அன்று, கன்சர்வேடிவ் எம்.பி. ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகத் தன் பேர்போன பேச்சைப் பேசியிருந்தார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் பிரிக்ஸ்டன். அந்த வெறுப்பைப் பிடித்துக்கொண்டு பேர் வாங்குவது அன்றைக்கு ரொம்பச் சுலபம். மேஜர் பவலின் பக்கம் போகவில்லை, அந்தப் பேச்சை எதிர்த்தார். பவல் பேசிய அந்த மனிதர்கள் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

வீட்டுவசதிக் குழுவுக்கு முதலில் துணைத் தலைவர், 1970-இல் தலைவர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைய கவுன்சில் இன்றைய கவுன்சில் அல்ல. அப்போது முடிவுகள் குழுக்களில்தான் எடுக்கப்பட்டன. வீட்டுவசதிக் குழு என்றால் வீடு கட்டும், இடிக்கும், வாடகை நிர்ணயிக்கும், யாருக்கு வீடு என்று வரிசைப்படுத்தும். லாம்பெத்தில் விக்டோரியா காலத்து வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, ஒரு வீட்டில் நாலைந்து குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு இருந்தன. எந்தத் தெருவை இடிப்பது, இடித்துக் கட்டி முடிக்கும்வரை அந்தக் குடும்பங்கள் எங்கே போவது, காத்திருப்போர் பட்டியலில் கைக்குழந்தை உள்ளவர் முதலா, பத்து வருடமாகக் காத்திருப்பவர் முதலா? இதற்கெல்லாம் 27 வயது வங்கி ஊழியர் ஒருவர் மாலை நேரக் கூட்டங்களில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

அவர் வென்ற அதே மே மாதம், தேர்தல் முடிந்த ஒரே வாரத்தில், கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை அப்படியே சரிந்து விழுந்தது. பதினெட்டாவது மாடியில் எரிவாயு வெடித்தது. குடியேறி இரண்டு மாதம் ஆன புதுக் கட்டடம். நாலு பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி வேகமாகக் கட்டினால் வீட்டுப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று இரு கட்சிகளும் நம்பிய காலம் அது. அப்படியான நேரத்தில் வீட்டுவசதியைக் கையில் எடுத்தவருக்குச் சுலபமான விடை எதுவும் இல்லை. உயரமாகக் கட்டினால் மக்கள் பயப்படுவார்கள், தாழ்வாகக் கட்டினால் இடம் போதாது.

மேஜரும் வீட்டுவசதி இயக்குநர் ஹாரி சிம்ப்சனும் சேர்ந்து செய்த ஒரு காரியம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. குழுவை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். பொதுக்கூட்டம் போட்டு, கவுன்சிலர்களும் அதிகாரிகளும் மேடையில் உட்கார்ந்து, குடியிருப்போரின் கேள்விக்கு நேரில் பதில் சொன்னார்கள். கூரை ஒழுகுகிறது, சுவர் பூசணம் பிடித்திருக்கிறது, போன வருடம் வருவதாகச் சொன்ன ஆள் இன்னும் வரவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்பவரிடம் கொள்கை விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தத் தேதியில் சரிசெய்வீர்கள் என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி. நாடாளுமன்றத்தில் முப்பது வருடம் இருந்தவர்களில்கூட இந்தக் கேள்விக்கு ஒருமுறையும் பதில் சொல்லியிராதவர்கள் நிறையப் பேர்.

1971-இல் காற்று திரும்பியது. லேபர் கட்சி லாம்பெத்தைத் திரும்பப் பிடித்தது, மேஜர் தோற்றார். அந்தத் தேர்தலில் லேபர் பக்கம் புதிதாக உள்ளே வந்தவர்களில் ஒருவர் கென் லிவிங்ஸ்டன், பின்னாளில் லண்டன் மேயர் ஆனவர். எதிரெதிர் துருவங்களான இரண்டு பேரை மூன்று வருட இடைவெளியில் வளர்த்துவிட்ட கவுன்சில் அது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் செயின்ட் பாங்க்ரஸ் வடக்குத் தொகுதியில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் நின்று இரண்டு முறையும் தோல்வி. 1976-இல் ஹண்டிங்டன்ஷயர் தொகுதிக்கு வேட்பாளராகத் தேர்வானார். கிராமமும் பண்ணையுமாக இருந்த அந்தத் தொகுதிக்கு லண்டன் நெரிசலிலிருந்து நிறையக் குடும்பங்கள் பெயர்ந்து வந்திருந்தன. அவர்களோடு பேசத் தெரிந்த தெற்கு லண்டன்காரர் என்பது அங்கே அவருக்குப் பலமாகவே இருந்தது. 1979-இல் எம்.பி., 1987-இல் அமைச்சரவை, 1989-இல் சில மாத இடைவெளியில் வெளியுறவு அமைச்சர், அப்புறம் நிதியமைச்சர், 1990 நவம்பர் 28 அன்று பிரதமர். எம்.பி. ஆகிப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது.

பிரதமரானதும் முதலில் மேசைக்கு வந்த பிரச்சினை தலைவரி. வீட்டின் மதிப்பை வைத்து வசூலித்த பழைய உள்ளாட்சி வரியை எடுத்துவிட்டு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று தாட்சர் அரசு கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 1989-இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-இல். மாளிகையில் இருக்கும் கோமானுக்கும் அவர் தோட்டக்காரருக்கும் ஒரே கவுன்சில் என்றால் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று டிராஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. பணம் கட்டாதவர்களைத் தேடிப் பிடிப்பதற்கே கவுன்சில்கள் திணறின. வீடு ஓடிப் போகாது, அதன் மேல் போட்ட வரியை வசூலிக்கலாம். மனிதர்கள் வீடு மாறுவார்கள், பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இது கவுன்சிலில் உட்கார்ந்த எவருக்கும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

மேஜர் அதை எடுத்தார். 1991 மார்ச் பட்ஜெட்டில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 17.5 விழுக்காடாக உயர்த்தி, அந்தப் பணத்தில் ஒவ்வொருவரின் தலைவரியிலும் 140 பவுண்டு குறைத்தார்கள். அதே மாதம் தலைவரியே ஒழியும் என்று அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் சபையில் அறிவித்தார். 1993 ஏப்ரலில் வீட்டு மதிப்பின் அடிப்படையிலான கவுன்சில் வரி வந்தது. தாட்சர் ஆதரவாளர்கள் இதைத் துரோகம் என்றார்கள். என்னைப் பொறுத்தவரை அவர் ஆட்சியின் மிகச் சரியான முடிவு இதுதான்.

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. தலைவரிச் சட்டம் 1988-இல் நிறைவேறியபோதும் அவர் அமைச்சரவையில்தான் இருந்தார், அதுவும் கருவூலத்தின் தலைமைச் செயலர் என்ற நிதித்துறை அமைச்சராக. அப்போது ஏன் தடுக்கவில்லை? மேலே ஏறிக்கொண்டிருப்பவர் தலைவியை எதிர்ப்பது கடினம் என்று சமாதானம் சொல்லலாம். லாம்பெத்தில் கற்றது அவரிடம் இருந்தது, அதைச் சொல்லும் தைரியம் இரண்டு வருடம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஏழைகள்.

இன்னொன்று எனக்கு இதைவிட வலிக்கிறது. 1980-இல் வந்த சட்டப்படி கவுன்சில் வீடுகளில் குடியிருந்தவர்கள் தள்ளுபடி விலையில் வீட்டை வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர்களுக்கு அது வாழ்க்கையையே மாற்றியது, அதை நான் மறுக்கவில்லை. சரி, விற்ற பணம் எங்கே போனது? 1990 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வீடு விற்ற பணத்தில் 75 விழுக்காட்டைக் கவுன்சில் தன் கடனை அடைக்க ஒதுக்கிவைக்க வேண்டும். மீதி 25-ஐ வைத்துத்தான் புதிதாக எதையும் செய்ய முடியும். மேஜர் ஆறரை வருடம் பிரதமராக இருந்தார். 1992 இறுதியிலிருந்து ஓராண்டு சொச்சத்துக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தினார்கள், அப்புறம் மறுபடியும் பூட்டிவிட்டார்கள். காத்திருப்போர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு லாம்பெத்தில் கூட்டம் நடத்தியவர் பிரதமராக இருந்த காலத்தில், லாம்பெத்தின் அடுத்த தலைமுறைக் கவுன்சிலர் வீடு கட்ட முடியாமல் கட்டிப் போடப்பட்டார். இதை அவர் உடைத்திருக்க வேண்டும். உடைக்கத் தேவையான அனுபவம் அந்த அமைச்சரவையில் அவரைவிட அதிகமாக எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அதனால்தான் "கவுன்சிலராக இருந்தவர்களை மட்டுமே எம்.பி. ஆக்குங்கள்" என்ற சுலபமான கோஷத்தை நான் போடுவதில்லை. லிஸ் டிரஸ் 2006 முதல் 2010 வரை கிரெனிச் கவுன்சிலர், அவர் பிரதமர் பதவியில் இருந்தது 49 நாள். தெரேசா மே மெர்டன் கவுன்சிலில் எட்டு வருடம் இருந்து கல்விக் குழுவை நடத்தியவர், அவர் ஆட்சியும் சுகமாக முடியவில்லை. டேவிட் கேமரன் கவுன்சில் பக்கமே போகாமல், கட்சியின் ஆய்வுத் துறையிலிருந்து அமைச்சரின் ஆலோசகராகி அப்படியே மேலே வந்தவர். 1992-இல் பவுண்டு சரிந்த அன்று நிதியமைச்சர் நார்மன் லமான்ட் பத்திரிகையாளர்களிடம் பேசியபோது பின்னால் நின்ற இளம் ஆலோசகர் அவர்தான். 2010-இல் அவர் பிரதமரானபோது கவுன்சில்களுக்கான மத்திய நிதிதான் மிகக் கடுமையாக வெட்டப்பட்டவற்றில் ஒன்று. வெட்டு விழும்போது எந்த நூலகம் மூடும், எந்த முதியவரின் வீட்டுப் பராமரிப்பு நிற்கும் என்பது மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மேஜருக்கு லாம்பெத் கற்றுக்கொடுத்தது ஏனென்றால் லாம்பெத்துக்கு அதிகாரம் இருந்தது. 2000-இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான கவுன்சில்களில் குழு ஆட்சி போய், கவுன்சில் தலைவரும் அவர் தேர்ந்தெடுத்த சிலரும் முடிவெடுக்கும் முறை வந்தது. மற்றக் கவுன்சிலர்கள் கேள்வி கேட்கலாம், முடிவெடுக்க முடியாது. 2011-க்குப் பின் பழைய முறைக்குத் திரும்ப வழி வந்தது, சில கவுன்சில்கள் திரும்பவும் செய்தன. ஆனால் காசு இல்லையே. 2018-இல் கன்சர்வேடிவ் கட்சி நடத்திய நார்தாம்ப்டன்ஷயர், 2020-இல் குராய்டன், 2023-இல் லேபர் கட்சி நடத்திய பர்மிங்காம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கவுன்சில்கள் இனி புதுச் செலவு செய்ய முடியாது என்று அறிவித்தன.

பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை என்ற நிலையில் இன்றைக்கு 25 வயதில் ஒரு வங்கிக் குமாஸ்தா கவுன்சிலுக்குள் வந்தால் என்ன கற்றுக்கொள்வார்? எதை வெட்டுவது என்று கற்றுக்கொள்வார். மத்திய அரசைக் குறை சொல்லக் கற்றுக்கொள்வார், அதுவும் நியாயமாகவே. படிப்பும் சொந்தபந்தமும் பணமும் இல்லாத ஒருவர் கன்சர்வேடிவ் கட்சிக்குள் நுழைந்து பிரதமர்வரை போகத் திறந்திருந்த கதவு அது. 1992 தேர்தலில் பிரிக்ஸ்டன் பையனைப் பிரதமராக்கிய கட்சி என்று சுவரொட்டி ஒட்டி அந்தக் கட்சி ஓட்டுக் கேட்டது, ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல் வாங்கியது. இன்னொரு பையனோ பெண்ணோ அதே மாதிரி வர வேண்டும் என்று உண்மையிலேயே அந்தக் கட்சி நினைக்கிறதா? நினைத்தால், வேட்பாளர் நேர்காணலில் எந்த அமைச்சரிடம் வேலை பார்த்தாய் என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, எந்தக் குழுவில் இருந்தாய், அங்கே உன் பெயரில் என்ன முடிவு எடுக்கப்பட்டது, அந்த முடிவால் பாதிக்கப்பட்டவரை நேரில் போய்ப் பார்த்தாயா என்று கேட்கட்டும். அதற்கு முன்னால், அப்படி ஒரு முடிவை எடுக்கும் உரிமையையும் அதற்கான பணத்தையும் கவுன்சில்களிடம் திருப்பிக் கொடுக்கட்டும்.