திமிலை மட்டும் பார்த்தால் போதுமா?
ஃபிளவர்ஹார்ன் என்ற அலங்கார மீனில், புடைத்த பெரிய தலையுள்ள ஆண் கிடைத்தால் குஞ்சுகளும் அப்படியே வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கோபிசெட்டிபாளையத்தில் அதை வளர்க்கும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. காங்கேயம் காளையைத் திமிலை மட்டும் பார்த்தா விலை பேசுகிறோம்?

மலேசியாவில் 1990-களில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் பல வகைகளைக் கலந்து உருவாக்கிய மீன் இது. ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில் பொரித்தாலும், வால் விசிறிபோல் விரிவது சிலவற்றுக்கே. தாயின் வாலையும் முதுகையும் பாருங்கள். பெண்ணுக்குத் தலை அவ்வளவாகப் புடைக்காததால் அதை யாரும் கவனிப்பதில்லை. அழகான ஆண்களில் பல மலடு வேறு. முட்டைகள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். குட்டை உடல் மோகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதுகெலும்பு குறுகிய மீன் நீந்தவே திணறுகிறது.

கழித்த குஞ்சுகளைத் தயவுசெய்து பவானி வாய்க்காலில் விடாதீர்கள்.