பழைய போனும் ஜோவும்

'யூ' என்ற ஆங்கிலத் தொடரில், காதல் என்ற பெயரில் பெண்ணைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கும் ஜோவை ரசித்தவர்களை, நான் படித்த ஒரு கட்டுரை ரொம்பவே திட்டிவிட்டது. நானும் முதல் தடவை ஏமாந்தவள்தான். கதையை அவனே நம் காதோரம் சொல்லிக்கொண்டு போகிறான், அதில்தான் விழுந்துவிடுகிறோம். முதல் எபிசோடில் நியூயார்க் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்த பெக் என்ற பெண்ணை, அதாவது தான் பின்தொடர்பவளை, காப்பாற்றுகிறான், அப்பாடா என்றிருந்தது. அதே கையோடு அவள் போனைச் சுருட்டிக்கொள்கிறான். அவள் புதுசு வாங்கிய பிறகும் பழையதை வைத்து அவளுடைய மெசேஜ்களைப் படிக்கிறான். இரண்டாவது முறை பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

2019 ஜனவரியில் ட்விட்டரில் ஒருவர் 'என்னையும் கடத்துங்களேன்' என்று கேட்க, ஜோவாக நடித்த பென் பேட்ஜ்லியே வேண்டாம் என்றார். நடித்தவருக்கு உறைத்தது!

அப்புறம், ஜன்னலுக்குத் திரை போடாத பெக்கைக் கிண்டலடித்தவர்கள்தான் எத்தனை பேர். தெருவில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டார்கள்.