வன்டிரைவில் ஏறிய படங்களைப் பழைய கொம்பியூட்டரில் அழிக்கலாமா?

தம்பி, வன்டிரைவ் (OneDrive, மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடம்) கோப்புறையில் போட்ட படங்களைப் பழைய கொம்பியூட்டரில் அழித்தாலும் இணையத்தில் அப்படியே இருக்கும், புதியதில் இறக்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீங்கள். பலர் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்: அப்படி இராது. அந்தக் கோப்புறை இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும்.

நீங்களே பார்க்கலாம். ஒரு சின்ன டெக்ஸ்ட் பைலை அந்தக் கோப்புறையில் போடுங்கோ. பச்சைச் சரி அடையாளம் வந்ததும் அழித்துவிட்டு, போனில் பிரவுசர் வழியாக உங்கள் வன்டிரைவைத் திறவுங்கோ. பைல் அதன் ரீசைக்கிள் பின்னில்தான் கிடக்கும். தனிப்பட்ட கணக்கென்றால் 30 நாள்தான், பிறகு அதுவும் இல்லை. (டிஸ்கில் இடம் மட்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக்கில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கு, அது இணையத்தில் உள்ளதைத் தொடாது.)

இடம்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை! மிஞ்சிய ஒன்றிரண்டு கலியாணப் படங்களை ஸ்கான் பண்ணி வைத்திருக்கிற சனம் இதை நம்பி அழித்துவிடக் கூடாது. வெளி ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து, புதிய கொம்பியூட்டரில் படங்கள் திறக்குதா என்று பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கோ.