‘ஆகும்படி’ மூலத்தில் இல்லை
‘பரிசுத்தவான் என்பது விசுவாசி படிப்படியாக எட்ட வேண்டிய நிலை’ என்று இங்குள்ள கட்டுரை சொல்வது, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதமான கொரிந்தியர் நிருபத்தோடு ஒட்டவில்லை. நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 1:2 ‘பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்களாயும்’ என்று இருப்பதால்தான் இந்தக் குழப்பம். கிரேக்கத்தில் இருப்பது இரண்டே சொல்: க்ளேதொயிஸ் ஹகியொயிஸ், அதாவது ‘அழைக்கப்பட்ட பரிசுத்தவான்களுக்கு’. ‘ஆகும்படி’ மொழிபெயர்ப்பில் சேர்ந்தது. அதே வசனத்தில் ‘பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்’ என்பது ஏற்கெனவே முடிந்த செயல். இத்தனைக்கும் அந்தக் கொரிந்து சபையின் லட்சணம் என்ன? 6-ம் அதிகாரத்தில் சகோதரனோடு சகோதரன் வழக்காடுகிறான். 11:21-ல் கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான். பவுல் வெளுத்து வாங்குகிறார், ஆனால் ‘பரிசுத்தவான்கள்’ என்று கொடுத்த பெயரைப் பிடுங்கவில்லை. 6:11-ல் ‘கழுவப்பட்டீர்கள்’ என்று நினைவூட்டித்தான் திருத்துகிறார். எபேசியர் நிருபத்திலும் அதே வரிசைதான்: மூன்று அதிகாரம் ‘நீங்கள் யார்’, 4:1-க்குப் பிறகே ‘எப்படி நடக்க வேண்டும்’. மேலே கருத்திட்ட ஒருவர் 1 தீமோத்தேயு 1:15-ஐக் காட்டி, பவுலே ‘பிரதான பாவி நான்’ என்கிறாரே என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ‘ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்’ என்றது இந்த இழுபறியைத்தான். ஆனால் அங்கே பவுல் தன்னைப் பற்றிப் பேசுகிறார். சபைக்கு எழுதும் முகவரியில் ‘பாவிகளுக்கு’ என்று அவர் ஒரு நிருபத்தையும் தொடங்கவில்லை.