நீளம் மட்டும் காரணமல்ல
"மாட்டின் குடல் மனிதக் குடலைவிடப் பல மடங்கு நீளம், அதனால்தான் அதற்கு வைக்கோல் செரிக்கிறது" என்று மாட்டின் செரிமானம் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது பாதி உண்மை. நீளம்தான் கணக்கென்றால் யானை என்ன பாவம் செய்தது? இலங்கையின் அம்பாறையில் எங்கள் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) யானை இறங்கிப்போன மறுநாள் காலையில் அதன் லத்தியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள்: வைக்கோல் தாளும் மரப்பட்டை நாரும் அப்படியே கிடக்கும். பக்கத்து வரம்பில் கிடக்கும் மாட்டுச் சாணமோ குழைத்த மா மாதிரி இருக்கும். யானைக்கும் குடல் நீளம்தான். ஆனால் அது அசைபோடுவதில்லை, இரைப்பையும் ஒற்றை அறைதான். நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைப்பது சிறுகுடலையும் தாண்டித்தான். தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. மாட்டுக்கு அந்தப் புளிக்கவைக்கும் வேலை குடலுக்கு முன்பே, 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் முதல் இரைப்பையில் நடக்கிறது. போதாததற்கு, தின்றது மறுபடி வாய்க்கு வந்து அரைபடவும் செய்கிறது. ஆட்டுக் குடல் கழுவும்போது உள்ளே புல்லே இல்லையே என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வியந்திருக்கிறார். தேட வேண்டிய இடம் குடலல்ல, துவாய் போலச் சொரசொரப்பான அந்த முதல் இரைப்பை. நான் கழுவ உட்கார்ந்தால் முதலில் கொட்டுவதே அதிலுள்ள பச்சைப் பிண்டத்தைத்தான்.